கேட்டராக்ட் (கண்புரை) ஆபரேஷனுக்குப் பிறகு என்செய்ட் (ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு) சொட்டு: யாருக்கு, எத்தனை நாள், ஸ்டீராய்டோடு சேர்த்தா தனியாகவா?

#1 இளவேனில் (கண் மருத்துவம், முதுநிலை மாணவி)

வணக்கம். கேட்டராக்ட் நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்துச் சீட்டை எங்கள் துறையில் ஒரே மாதிரியாக்கப் போகிறோம். ஆன்டிபயாட்டிக்கில் குழப்பமில்லை. வலிக்கும் அழற்சிக்கும் எதைக் கொடுப்பது என்பதில்தான் ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.

அனுமதிக்காக நடந்த சோதனைகளைப் படித்தால் ப்ரோம்ஃபெனாக், நெபாஃபெனாக், கீட்டோரோலாக் என்ற மூன்று என்செய்ட்டுமே அருமையாக வேலை செய்வதுபோல இருக்கிறது. ஐரோப்பாவின் ப்ரீமெட் ஆய்வு ஸ்டீராய்டையும் என்செய்ட்டையும் சேர்த்துக் கொடு என்கிறது. கோபன்ஹேகன் ஆய்வோ கீட்டோரோலாக் தனியாகவே போதும் என்கிறது. மூன்று மாதம் கழித்துப் பார்வையில் எந்த வித்தியாசமும் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க கண் மருத்துவ அகாடமி 2015இல் எழுதியிருக்கிறது.

இவற்றில் எதை நம்பி எழுதுவது? சர்க்கரை நோயாளிக்குத் தனிச் சீட்டு வேண்டுமா? யாருக்கு என்செய்ட் கொடுக்கவே கூடாது?

#2 ஒளிவட்டம் (ஃபேக்கோ சர்ஜன்)

அந்த நாலு ஆய்வும் நாலு வேறு கேள்விகளைக் கேட்டவை, டாக்டர். அதனால்தான் முரண்படுவதுபோலத் தெரிகிறது.

முதலில் மருந்து எங்கே வேலை செய்கிறது என்று பார்ப்போம். கத்தியும் அல்ட்ராசவுண்டும் ஐரிஸைத் தொட்டதும் செல் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் வெளியே வருகிறது. காக்ஸ் என்சைம் அதைப் பிராஸ்டகிளாண்டினாக மாற்றுகிறது. பாப்பா (கண்மணித் துளை) சுருங்குவது, ரத்தத்துக்கும் முன்னறை (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவிலுள்ள இடம்) நீருக்கும் நடுவிலுள்ள தடுப்பு உடைந்து புரதம் கசிவது, வலி, கூச்சம், பின்னால் மாக்குலாவில் (விழித்திரையின் மையப்பகுதி) நீர் கோப்பது எல்லாவற்றிலும் பிராஸ்டகிளாண்டினுக்குப் பங்கு உண்டு. என்செய்ட் காக்ஸை அடைக்கிறது. ஸ்டீராய்டு அதற்கு ஒரு படி மேலேயே, ஃபாஸ்போலைப்பேஸ் இருக்கும் இடத்திலேயே தடுக்கிறது. அதனால் லியூக்கோட்ரையீன் பாதையும் சேர்ந்து அடங்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் இருக்கலாம் என்ற எண்ணம் வந்ததே இந்தப் படி வித்தியாசத்தால்தான்.

அனுமதிச் சோதனைகளுக்கு வருவோம். அங்கே எதிர்த்தரப்பில் இருந்தது மருந்து கலக்காத வெறும் திரவம். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு ஸ்டீராய்டு கூட இல்லாமல் வெறும் திரவம் விட்டால் அழற்சி இருக்கத்தான் செய்யும். ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதைவிட இது மேல் என்று மட்டும்தான் அந்தச் சோதனைகள் நிரூபிக்கின்றன. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமா என்று அவை கேட்கவே இல்லை.

#3 அளவுகோல் (மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பு)

இதோடு, அந்தச் சோதனைகளில் எதை எண்ணினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ப்ரோம்ஃபெனாக் சோதனைகளில் முதன்மை முடிவு முன்னறையில் உள்ள அழற்சி செல், ஃபிளேர் (கசிந்த புரதத்தால் வரும் மங்கல்) இரண்டுக்குமான மதிப்பெண்களின் கூட்டு. அந்தக் கூட்டு 15ஆம் நாளுக்குள் பூஜ்யமாக வேண்டும். வலிக்குப் பெரும்பாலும் முதல் நாளில் வலியே இல்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள்.

செல் எண்ணுவதில்தான் கை வித்தியாசம் புகுந்துவிடுகிறது. 2005இல் வந்த சன் (SUN) எனும் கண் அழற்சி அளவுமுறைப்படி ஸ்லிட் லாம்ப் ஒளிக்கற்றை 1 மி.மீ.க்கு 1 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குள் ஒரு செல்லும் இல்லை என்றால் 0. 1 முதல் 5 வரை 0.5+, 6 முதல் 15 வரை 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கு மேல் 4+. கற்றையை 2 மி.மீ. உயரத்துக்குத் திறந்துவிட்டால் அதே கண் ஒரு படி கூடுதலாகக் காட்டும். அறை வெளிச்சம் அணைக்காவிட்டால் ஒரு படி குறையும். பல மையங்களில் பல கைகள் எண்ணும் ஆய்வில் இது முடிவையே புரட்டலாம். அதனால் லேசர் ஃபிளேர் மீட்டர் வைத்து அளந்த ஆய்வை நான் கூடுதலாக நம்புவேன்.

இன்னொன்று: வெறும் திரவக் குழுவில் அழற்சி அடங்காதவர்களுக்கு நடுவிலேயே மீட்பு மருந்தாக ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கணக்கில் தோல்வியாகவே நிற்பார்கள், அல்லது கடைசியாக எடுத்த அளவே 15ஆம் நாள் வரை இழுத்துக்கொண்டு போகப்படும். நோயாளியின் பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே தெரியும் அகலத்தில் இந்த விதிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆய்வுக் கட்டுரையில் மீட்பு மருந்துக்குப் போனவர்களின் விகிதத்தைத் தேடிப் படியுங்கள்.

#4 இளவேனில்

நன்றி சார், இது தெளிவாகிவிட்டது. அப்படியானால் ப்ரீமெட்டுக்கும் கோபன்ஹேகனுக்கும் நடுவில் என்ன?

#5 ஒளிவட்டம்

ப்ரீமெட்டை ஐரோப்பிய கேட்டராக்ட் சர்ஜன்கள் சங்கம் நடத்தியது. 2018இல் வெளியானது. சர்க்கரை இல்லாதவர்கள் 914 பேர். ப்ரோம்ஃபெனாக் 0.09% தனியாக ஒரு குழு, டெக்ஸாமெத்தசோன் 0.1% என்ற ஸ்டீராய்டு தனியாக ஒரு குழு, இரண்டும் சேர்த்து ஒரு குழு. 12 வாரத்துக்குள் பார்வையைப் பாதிக்கும் அளவுக்கு மாக்குலா வீக்கம் வந்தவர்கள்: டெக்ஸாமெத்தசோன் 5.1%, ப்ரோம்ஃபெனாக் 3.6%, இரண்டும் சேர்த்து 1.5%.

இந்தச் சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பாருங்கள். குழுவுக்கு ஏறக்குறைய 300 பேர். அப்போது 15 பேர், 11 பேர், 4 அல்லது 5 பேர். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்ததற்கும் இரண்டும் சேர்த்ததற்கும் உள்ள தூரம் உண்மையானது என்று நம்பலாம். சுமார் 28 பேருக்குக் கூடுதலாக என்செய்ட் கொடுத்தால் ஒருவருக்கு வீக்கம் தவிர்க்கலாம். ஆனால் ப்ரோம்ஃபெனாக் மட்டும் கொடுத்த குழுவுக்கும் சேர்த்துக் கொடுத்த குழுவுக்கும் இடையே ஆறேழு பேர்தான் வித்தியாசம். இந்த எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம். 'இரண்டும் சேர்த்தே கொடு' என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல நான் தயங்குவேன். 'ஸ்டீராய்டை மட்டும் கொடுத்து அனுப்பாதே' என்று தாராளமாகச் சொல்வேன்.

#6 அளவுகோல்

கோபன்ஹேகன் பக்கத்தை நான் சொல்கிறேன். 2021இல் வெளியானது, 470 பேர், ஐந்து குழுக்கள். பிரெட்னிசலோனும் கீட்டோரோலாக்கும் சேர்த்து, கீட்டோரோலாக் மட்டும், இந்த இரண்டிலும் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குவது, பிறகு தொடங்குவது என்று நான்கு. ஐந்தாவது குழுவுக்குச் சொட்டே கிடையாது, டெனான் உறைக்கு (கண்கோளத்தைச் சுற்றிய மெல்லிய உறை) அடியில் டெக்ஸாமெத்தசோன் ஊசி. மூன்று மாதத்தில் மாக்குலா மையத்தின் தடிமனை ஓ.சி.டி.யில் (விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) அளந்தார்கள். கீட்டோரோலாக் மட்டும் விட்டவர்களுக்கும் சேர்த்து விட்டவர்களுக்கும் வித்தியாசமில்லை. ஊசிக் குழுவில்தான் தடிமன் கூடியிருந்தது.

குழுவுக்கு 94 பேர் அளவில்தான் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் அளந்தது சராசரித் தடிமன். 3% பேருக்கு வரும் ஒரு சிக்கலை 94 பேரில் தேடினால் மூன்று பேர்தான் கிடைப்பார்கள். சராசரியில் அந்த மூன்று பேரும் கரைந்துபோவார்கள். ப்ரீமெட் எண்ணியது அப்படிப்பட்ட ஆட்களை. ஆக, 'சராசரிக் கண்ணுக்கு என்செய்ட் தனியாகவே தாங்கும்' என்று ஒன்று சொல்கிறது, 'எங்கோ ஒருவருக்கு வரும் வீக்கத்தைச் சேர்த்துக் கொடுப்பது இன்னும் குறைக்கலாம்' என்று மற்றது சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

#7 சேலத்துக்காரர் (கண் மருத்துவர், அரசுப் பணி)

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று கேட்கிறேன். அகாடமியின் 2015 மதிப்பாய்வு சொன்னது இதுதான்: என்செய்ட் கொடுத்தால் முதல் சில வாரங்களில் பார்வை சீக்கிரம் தேறுகிறது, ஆனால் மூன்று மாதமும் அதற்கு மேலும் பார்வை மேலாக இருக்கும் என்பதற்கு முதல் தரச் சான்று இல்லை. 2016இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் ஆதாரத்தின் உறுதி குறைவு என்றே எழுதியது. முகாமிலிருந்து வரும் எழுபது வயது ஆளுக்கு மூன்று புட்டி கொடுத்து மூன்று விதமான நேரம் சொல்லி அனுப்பினால் ஒன்றையும் ஒழுங்காக விடமாட்டார். பலன் இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது எல்லோருக்கும் ஏன்?

#8 ஒளிவட்டம்

நியாயமான கேள்வி சார். பெரும்பாலான மாக்குலா வீக்கம் தானாகவே வடிந்துவிடும். அதனால் மூன்றாவது மாதப் பார்வையை மட்டும் அளந்தால் இரண்டு குழுவும் சமமாகத்தான் தெரியும். ஆனால் இரண்டாவது மாதத்தில் எழுத்து வளைந்து தெரிந்தவர் அந்த அளவீட்டில் இடம்பெறுவதில்லை. வீக்கம் நாள்பட்டுப் போகிற ஒரு சிலரும் சராசரியில் மறைந்துவிடுகிறார்கள்.

புட்டி எண்ணிக்கை பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். அதனால்தான் ஆபத்து குறைந்த கண்ணுக்கு எதையாவது குறைக்கலாம் என்றால் எதைக் குறைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வழக்கத்தில் நாம் குறைப்பது என்செய்ட்டை. மேலே உள்ள இரண்டு ஆய்வையும் பார்த்தால், சிக்கலில்லாத ஃபேக்கோவில் (அல்ட்ராசவுண்டால் உடைத்து எடுக்கும் முறை) முதலில் குறைக்க வேண்டியது ஸ்டீராய்டாக இருக்கலாம். கண் அழுத்தம் ஏறும் பயமும் அதோடு போகும்.

ஒரு எச்சரிக்கை. இவை எல்லாம் ஃபேக்கோ கண்கள். கெட்டிப்பட்ட பழுப்புக் கேட்டராக்ட்டை சிறு வெட்டு முறையில், அதாவது எஸ்.ஐ.சி.எஸ். செய்து எடுக்கும்போது ஐரிஸ் அதிகம் உரசப்படும். அந்தக் கண்ணுக்கு ஸ்டீராய்டு இல்லாமல் அனுப்பலாம் என்று இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

#9 மஞ்சள்புள்ளி (விழித்திரை மருத்துவர்)

சர்க்கரை நோயாளிக்குத் தனிச் சீட்டு வேண்டும், இளவேனில். இதில் எனக்குத் தயக்கமில்லை.

விழித்திரைப் பாதிப்பு உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு நெபாஃபெனாக் 0.1% கொடுத்த 2012 ஆய்வைப் படியுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் தொடங்கி 90 நாள் வரை கொடுத்தார்கள். மாக்குலா மையத் தடிமன் 30% அல்லது அதற்கு மேல் கூடியவர்கள் மருந்துக் குழுவில் 3.2%, வெறும் திரவக் குழுவில் 16.7%. இங்கே எதிர்க்குழுவினருக்கும் முதல் இரண்டு வாரம் ஸ்டீராய்டு சொட்டு உண்டு. அதனால் #2இல் சொன்ன குறை இந்த ஆய்வுக்குப் பொருந்தாது. ஐரோப்பாவில் சர்க்கரை நோயாளிகளுக்கு மாக்குலா வீக்கத்தைத் தடுக்க 60 நாள் வரை நெபாஃபெனாக் கொடுக்க அனுமதி இருக்கிறது.

ப்ரீமெட்டின் இரண்டாம் பகுதி 213 சர்க்கரை நோயாளிகள். அவர்கள் எல்லோருக்கும் இரண்டு சொட்டும் உண்டு. சிலருக்கு மேலதிகமாக கண் வெண்படலத்துக்கு அடியில் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு, சிலருக்குக் கண்ணுக்குள் பெவாசிசுமாப். ட்ரையாம்சினோலோன் பெற்றவர்களுக்கு வீக்கம் வரவில்லை, ஆனால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறியது. பெவாசிசுமாப் குறிப்பிடும்படி உதவவில்லை. அழற்சிதான் இங்கே முக்கியக் காரணம் என்பதற்கு இது நல்ல சான்று.

நேரக் கணக்கை மறக்காதீர்கள். இர்வின் காஸ் வீக்கம் (கேட்டராக்ட் ஆபரேஷனால் வரும் மாக்குலா வீக்கம்) உச்சத்துக்கு வருவது ஆபரேஷனாகி நாலு முதல் ஆறு வாரத்தில். நாமோ இரண்டாவது வாரம் என்செய்ட்டை நிறுத்திவிட்டு நாலாவது வாரம் கண்ணாடி எழுதி அனுப்பிவிடுகிறோம். நோயாளி கடைசியாக நம் முன் உட்கார்ந்த நாளுக்குப் பிறகுதான் வீக்கம் எழுகிறது. சர்க்கரை நோயாளிக்கும், முன்பே மறு கண்ணில் வீக்கம் வந்தவருக்கும், எபிரெட்டினல் மெம்ப்ரேன் (விழித்திரை மேல் படரும் சவ்வு) அல்லது விழித்திரைச் சிரை அடைப்பு இருந்தவருக்கும் ஆறாவது வாரம் ஓ.சி.டி. கட்டாயம்.

அந்த ஓ.சி.டி.யில் நீர்ப்பை தெரிந்தால் அது ஆபரேஷன் வீக்கமா சர்க்கரை வீக்கமா என்று பிரிக்க வேண்டும். மைக்ரோ அனியூரிசமும் (நுண்ரத்தக்குழாய்ப் புடைப்பு) மஞ்சள் கொழுப்புப் படிவும் சுற்றி இருந்தால் சர்க்கரை பக்கம் சாயுங்கள். ஃப்ளோரசீன் ஆஞ்சியோவில் மாக்குலாவில் பூவிதழ் வடிவக் கசிவோடு பார்வை நரம்பு வட்டிலும் கசிந்தால் இர்வின் காஸ். ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ஓ.சி.டி. கையில் இருந்தால் இந்த வாதமே வேண்டியதில்லை. அந்த ஒரு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

#10 குப்பியும்_சீட்டும் (மருந்தாளுநர்)

மருந்துப் பக்கம் கொஞ்சம் சொல்றேன். எல்லா என்செய்ட்டும் ஒண்ணுன்னு நினைச்சு மாத்திக் கொடுக்கிறதுல நிறைய கோளாறு வருது.

கீட்டோரோலாக் 0.5% ஒரு நாளைக்கு நாலு வேளை. விடும்போது நல்லா எரியும், அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே 40% பேர் வரைக்கும் எரிச்சல்னு இருக்கு. ப்ரோம்ஃபெனாக் 0.09% நம்ம ஊர்ல ரெண்டு வேளை, 0.07% ஒரு வேளை. நெபாஃபெனாக் 0.1% மூணு வேளை, 0.3% ஒரு வேளை. நெபாஃபெனாக் 0.1% எழுதிட்டு ஒரு வேளைன்னு போட்ட சீட்டு வருது, 0.3%ஐ மூணு வேளை போட்டதும் வருது. சதவீதத்தையும் வேளையையும் சேர்த்தே பாருங்க.

நெபாஃபெனாக் கண்ணுக்குள்ள போய்தான் ஆம்ஃபெனாக்கா மாறி வேலை செய்யும். அது சஸ்பென்ஷன், குலுக்கணும். பிரெட்னிசலோன் அசிடேட்டும் அப்படித்தான். குலுக்காம விட்டா முதல் வாரம் வெறும் தண்ணி, கடைசி வாரம் அடியில தங்கின மொத்த மருந்தும் இறங்கும். கீட்டோரோலாக், ப்ரோம்ஃபெனாக் ரெண்டும் தெளிவான கரைசல், குலுக்க வேண்டாம். டைஃப்ளூப்ரட்னேட்ங்கிற ஸ்டீராய்டு எமல்ஷன், அதுக்கும் வேண்டாம்.

ப்ரோம்ஃபெனாக்ல சோடியம் சல்ஃபைட் இருக்கும். சல்ஃபைட் ஒவ்வாமை இருக்கிறவங்களுக்கு, அதுலயும் ஆஸ்துமாக்காரங்களுக்கு, கேட்டுட்டுக் கொடுங்க. ஆஸ்பிரின் சாப்பிட்டா மூச்சு இழுக்கும்னு சொல்றவங்களுக்கு எந்த என்செய்ட் சொட்டும் கவனமாத்தான். சொட்டுதானேன்னு விடக்கூடாது, மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலக்கும்.

ரொம்ப முக்கியமானது கலவைச் சொட்டு. மாக்ஸிஃப்ளாக்ஸசினும் கீட்டோரோலாக்கும் சேர்ந்த புட்டி கடையில நிறைய போகுது. புட்டி எண்ணிக்கை குறையுதுங்கிறது உண்மைதான். ஆனா ஆன்டிபயாட்டிக் ஒரு வாரத்துல நிறுத்த வேண்டியது, என்செய்ட் நாலு வாரம் போக வேண்டியதுன்னா இந்தப் புட்டியால முடியாது. ஒண்ணு ஆன்டிபயாட்டிக் வீணா நாலு வாரம் ஓடும், இல்லைன்னா என்செய்ட் ஒரு வாரத்துல நின்னுடும். இன்னும் மோசம், கலவைப் புட்டியோட தனி நெபாஃபெனாக்கும் சேர்த்து எழுதுறது. ஒரே கண்ணுக்கு ரெண்டு என்செய்ட், கூடவே ரெண்டு புட்டியோட பென்சால்கோனியம்ங்கிற பதனப்பொருள். பிராண்ட் பேர்ல எழுதறதால டாக்டருக்கே தெரியாம நடக்குது.

#11 வார்டு_சிஸ்டர்

குப்பி அண்ணா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. அஞ்சு மில்லி புட்டி ஒரு வாரத்துல தீர்ந்துபோச்சுன்னு வந்தா மருந்து விடுற முறையில தப்புன்னு அர்த்தம். ஒரு சொட்டு சுமார் 40 மைக்ரோலிட்டர். அப்போ புட்டிக்கு 120 சொட்டுக்கு மேல இருக்கும். மூணு வேளை வீதம் ரெண்டு வாரத்துக்கு 42 சொட்டுதான் வேணும். சீக்கிரம் தீர்ந்தா ஒரு தடவைக்கு மூணு நாலு சொட்டு விடுறாங்க, இல்லைன்னா பாதி கன்னத்துல போகுது.

இமைக்குள்ள ஒரு சொட்டுக்கு மேல நிக்காது. ரெண்டாவது சொட்டு முதல் சொட்டைத் தள்ளி வெளிய கொண்டுவந்துடும். அதனால ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம் கட்டாயம். கரைசல் முதல்ல, சஸ்பென்ஷன் அப்புறம், களிம்பு கடைசியில. கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி பண்ணி அதுல விடணும், கருவிழி மேல நேரா விட்டா அனிச்சையா கண்ணை இறுக்கிடுவாங்க. விட்டதும் மெதுவா மூடி, மூக்கோரம் கண் மூலையை ரெண்டு நிமிஷம் விரலால அழுத்தணும். கீட்டோரோலாக் கசப்பு தொண்டைக்கு வருதுன்னு சொல்றவங்களுக்கு அழுத்தினாலே அது குறையும்.

கை நடுங்குறவங்களுக்குப் படுக்க வெச்சு விடச் சொல்லுங்க. புட்டி முனை இமை முடியில பட்டா அந்தப் புட்டியை மாத்திடணும்னு வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லி அனுப்புறோம்.

#12 கருவிழிக்காவல் (கார்னியா மருத்துவர்)

இதுவரை பலனைப் பற்றியே பேசியிருக்கிறோம். சீட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதுதான்.

1999இல் அமெரிக்காவில் டைக்ளோஃபெனாக்கின் ஒரு ஜெனரிக் சொட்டைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதை விட்டவர்களில் சிலருக்குக் கார்னியா கரைந்து மெலிந்தது, சிலருக்கு ஓட்டையும் விழுந்தது. அந்தக் குறிப்பிட்ட கலவைதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் பிறகு மற்ற என்செய்ட் சொட்டுகளிலும் இத்தகைய செய்திகள் வந்தன. அரிது, ஆனால் வந்தால் கண்ணையே இழக்க வைக்கும். ஆபரேஷனுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பிருந்தோ, பிறகு 14 நாளைத் தாண்டியோ விட்டால் கார்னியா ஆபத்து கூடலாம் என்ற வாசகம் அமெரிக்கக் குறிப்புகளில் இருப்பது இதனால்தான்.

ஏன் நடக்கிறது என்பதற்குச் சில விளக்கங்கள் உண்டு. காக்ஸ் அடைபட்டதும் அராக்கிடோனிக் அமிலம் லியூக்கோட்ரையீன் பக்கம் திரும்பி வெள்ளணுக்களை இழுக்கிறது. கொலாஜனைச் செரிக்கும் என்சைம் கூடுகிறது. கார்னியாவின் உணர்ச்சி குறைகிறது. இந்தக் கடைசி விஷயம்தான் மிகவும் ஏமாற்றும். எபிதீலியம் (கார்னியாவின் மேற்படலம்) கிழிந்திருந்தும் நோயாளிக்கு வலி தெரியாது. 'வலியில்லை டாக்டர், நல்லா இருக்கு' என்பார். வலியை அடக்கத்தானே மருந்து கொடுத்தோம். அதனால் நோயாளி சொல்வதை வைத்துக் கார்னியா நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஃப்ளோரசீன் சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டியவை: முடக்குவாதம், ஜோக்ரென் (கண்ணீரும் எச்சிலும் வற்றும் நோய்), வாய் உலர்வது, பழைய ஹெர்பிஸ், முகவாதம், இமை சரியாக மூடாதது, கொஞ்ச நாளுக்குள் அதே கண்ணில் மறு ஆபரேஷன். சர்க்கரை பத்து வருடத்துக்கு மேல் என்றால் கார்னியா உணர்ச்சியையும் சோதியுங்கள். மரத்துப்போகும் சொட்டு போடுவதற்கு முன்னால் பஞ்சுத் திரியின் நுனியால் தொட்டுப் பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை.

கிழிசல் தெரிந்தால் என்செய்ட்டை அந்த நிமிடமே நிறுத்துங்கள், குறைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. பதனப்பொருள் இல்லாத கண்ணீர்ச் சொட்டு கொடுத்து 24 மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மெலிவு தொடங்கியிருந்தால் ஸ்டீராய்டையும் குறைக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் எங்களைப் போன்றவர்களிடம் அனுப்பத் தாமதிக்காதீர்கள்.

#13 இளவேனில்

மேடம், இங்கேதான் எனக்குச் சிக்கல். சர்க்கரை நோயாளிக்கு 60 நாள் என்கிறார் மஞ்சள்புள்ளி சார். சர்க்கரையே கார்னியா ஆபத்தின் பட்டியலிலும் இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

#14 கருவிழிக்காவல்

இரண்டு பேர் பேச்சையும். ஃப்ளோரசீனில் சுத்தமாக, உணர்ச்சியோடு, கண்ணீர் போதுமானதாக இருக்கும் சர்க்கரைக் கண்ணுக்கு நீண்ட நாள் கொடுங்கள், ஆனால் இரண்டாவது வாரமும் நாலாவது வாரமும் கார்னியாவைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த புட்டி. முதல் நாளே மூன்று புட்டி கொடுத்து அனுப்பக்கூடாது. புள்ளிப்புள்ளியாகச் சாயம் பிடிக்கும் கண்ணாக இருந்தால் ஆறு வாரத்துக்கு என்செய்ட் வேண்டாம், ஸ்டீராய்டையும் ஓ.சி.டி.யையும் நம்புங்கள்.

#15 மஞ்சள்புள்ளி

ஒத்துக்கொள்கிறேன். மாக்குலா வீக்கத்துக்கு வேறு வழியில் சிகிச்சை செய்யலாம். கரைந்த கார்னியாவுக்கு அவ்வளவு வழியில்லை.

#16 புதுக்கண் (ஆப்டோமெட்ரி)

கண்ணாடி எடுக்கும் லேசருக்கும் இதே விதிதானா? பி.ஆர்.கே.யில் (கார்னியாவின் மேற்பரப்பில் செய்யும் லேசர்) எபிதீலியத்தையே எடுத்துவிடுகிறார்களே.

#17 கருவிழிக்காவல்

வலி அங்கே அதிகம் என்பதால் கொடுக்கிறோம், ஆனால் நாள் மிகக் குறைவு. கீட்டோரோலாக் 0.4%க்கு அனுமதி நாலு வேளை வீதம் அதிகபட்சம் நாலு நாள். என்செய்ட் எபிதீலியம் மூடுவதைத் தாமதப்படுத்தும். பேண்டேஜ் லென்ஸ் இருக்கும்போது மருந்து லென்ஸுக்கு அடியில் தேங்குவதும் உண்டு. வலி தாங்கவில்லை என்று நோயாளி தானாகவே மணிக்கொரு தரம் விட்டுக்கொள்வதுதான் ஆபத்து, அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

#18 சேலத்துக்காரர்

ஆபரேஷனுக்கு முன்பு கொடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. பாப்பா சுருங்காமல் இருக்க நாங்கள் ஃப்ளர்பிப்ரோஃபென் 0.03% கொடுக்கிறோம், இரண்டு மணி நேரம் முன்பிருந்து அரை மணிக்கொரு சொட்டு, மொத்தம் நாலு. எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் நியூக்ளியஸை (லென்ஸின் கெட்டியான நடுப்பகுதி) முன்னறைக்குக் கொண்டுவரும்போது பாப்பா 5 மி.மீ.க்குக் கீழே போனால் எல்லாமே கஷ்டம். இந்த நாலு சொட்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

#19 ஒளிவட்டம்

ஆமாம் சார். ஆனால் என்செய்ட் பாப்பாவை விரிக்காது, விரிந்ததைச் சுருங்கவிடாமல் பிடிக்கும். விரிக்கும் மருந்துகளான ட்ராபிகமைடும் ஃபீனைலெஃப்ரினும் கூடவே போக வேண்டும். அமெரிக்காவில் 2014 முதல் ஃபீனைலெஃப்ரினும் கீட்டோரோலாக்கும் சேர்ந்த 4 மில்லியை 500 மில்லி கழுவுநீரில் கலந்து ஆபரேஷன் முழுக்க ஓடவிடும் முறையும் இருக்கிறது. வேலை செய்கிறது, விலைதான் இடிக்கிறது.

வலியைப் பற்றியும் ஒன்று. முதல் நாள் கடும் வலி என்று வந்தால் என்செய்ட் வேளையைக் கூட்டும் முன் கண் அழுத்தத்தை அளங்கள். விஸ்கோ (ஆபரேஷனில் கண்ணுக்குள் நிரப்பும் ஜெல்) மிச்சமிருந்தால் அழுத்தம் 40க்கு மேல் ஏறி தலைவலியும் வாந்தியும் வரும், அதற்கு எந்தச் சொட்டு என்செய்ட்டும் உதவாது. 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கார்னியா ஓரத்திலிருந்து ஓரம் வரை வீங்கினால் டாஸ் (கிருமியில்லாத நச்சு அழற்சி) என்று சந்தேகியுங்கள். இரண்டாவது நாளுக்கு மேல் பார்வை குறைந்து முன்னறையில் சீழ் தேங்கினால் எண்டாஃப்தல்மைட்டிஸ் (கண்ணுக்குள் கிருமித் தொற்று). 1995இல் வெளியான எண்டாஃப்தல்மைட்டிஸ் ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒரு நோயாளிக்கு வலியே இல்லை. என்செய்ட் விடும் நோயாளியிடம் வலியை மட்டும் அடையாளமாகச் சொல்லி அனுப்பினால் தாமதமாகத்தான் வருவார். 'நேற்றைவிட இன்றைக்கு மங்கலாக இருந்தால் அன்றைக்கே வா' என்று சொல்லுங்கள்.

#20 இளவேனில்

இதுவரை புரிந்ததை வைத்து வரைவு போடுகிறேன், திருத்துங்கள்.

சிக்கலில்லாத ஃபேக்கோ, சர்க்கரை இல்லை, கார்னியா சுத்தம்: ப்ரோம்ஃபெனாக் 0.09% இரண்டு வேளை, ஆபரேஷனுக்கு முந்தைய நாள் தொடங்கி 2 வாரம். பிரெட்னிசலோன் 1% நாலு வேளை தொடங்கி வாரம் ஒரு வேளை குறைத்து நாலு வாரம்.

எஸ்.ஐ.சி.எஸ். அல்லது பாப்பா இழுக்க வேண்டி வந்தது, காப்ஸ்யூல் (லென்ஸின் உறை) கிழிந்தது: பிரெட்னிசலோன் ஆறு வேளையில் தொடங்கி ஆறு வாரம். என்செய்ட் நாலு வாரம், இரண்டாவது வாரம் ஃப்ளோரசீன்.

சர்க்கரை: நெபாஃபெனாக் 0.1% மூன்று வேளை, 6 முதல் 8 வாரம், 2, 4ஆம் வாரங்களில் ஃப்ளோரசீன், 6ஆம் வாரம் ஓ.சி.டி.

முடக்குவாதம், ஜோக்ரென், உணர்ச்சி குறைந்த கார்னியா: என்செய்ட் கிடையாது.

#21 அளவுகோல்

இதைப் பின்பற்றும்போதே பதிவும் எடுங்கள். எஸ்.ஐ.சி.எஸ். கண்களில் ஆறாவது வார ஓ.சி.டி. தரவு எங்கிருந்து வந்தாலும் பயன்படும். யார் அளக்கிறாரோ அவருக்கு எந்தச் சொட்டு என்று தெரியக்கூடாது.

#22 ஒளிவட்டம்

முதல் குழுவில் க்ளாக்கோமா உள்ளவர்களையும், முன்பு ஸ்டீராய்டுக்கு அழுத்தம் ஏறியவர்களையும் தனியாக எடுங்கள். அவர்களுக்கு என்செய்ட் மட்டும், அல்லது பிரெட்னிசலோனுக்குப் பதில் லோட்டிப்ரட்னால் 0.5% (அழுத்தத்தைக் குறைவாக ஏற்றும் ஸ்டீராய்டு). மற்றவர்களுக்கும் இரண்டாவது, நாலாவது வாரங்களில் அழுத்தம் அளப்பதைச் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

#23 குப்பியும்_சீட்டும்

மருந்துப் பெயரை ஜெனரிக்ல எழுதுங்க டாக்டர், சதவீதத்தோட. அடியில ஒரு வரி: 'கலவைச் சொட்டு மாற்றித் தரக்கூடாது.' புட்டி மூடி நிறத்தையும் சொல்லிக் கொடுங்க, ஆனா நிறத்தை மட்டும் நம்பி எழுதாதீங்க. என்செய்ட்டுக்குப் பெரும்பாலும் சாம்பல் மூடி, ஸ்டீராய்டுக்கு ரோஸ்னு ஒரு வழக்கம் இருந்தாலும் எல்லா கம்பெனியும் அதைப் பிடிக்கிறதில்லை.

#24 கருவிழிக்காவல்

நாலாவது குழுவில் 'கண் ஹெர்பிஸ் வந்தவர்', 'முகவாதம்', 'இமை மூடாதவர்' மூன்றையும் சேர்த்துவிடுங்கள். சர்க்கரைக் குழுவின் நெபாஃபெனாக்கை இரண்டு வாரத்துக்கு ஒரு புட்டி என்று பிரித்துக் கொடுங்கள். நாலாவது வாரம் வராமல் போனவருக்குக் கையில் மருந்தும் இருக்கக்கூடாது.

#25 வார்டு_சிஸ்டர்

ரெண்டு புட்டியிலும் 'குலுக்கவும்'னு ஸ்டிக்கர் ஒட்டணும் மேடம், நெபாஃபெனாக்லயும் பிரெட்னிசலோன்லயும். ப்ரோம்ஃபெனாக் வாங்குறவங்க அதைப் பார்த்துக் குழம்புவாங்க, அதுல ஒட்ட வேண்டாம்.